மூன்றாம் மாதத்துச் சீட்டு

சுப்பராயலுவின் வீட்டில் முதல் பேத்தி பிறந்தபோது ஏம்பலம் போகும் சாலையில் இரண்டு பேனர் வைத்தார்கள். மூன்று கிலோ நூறு கிராம் என்று எடையைக்கூடப் போட்டிருந்தார்கள். நெல்லும் கரும்புமாகப் பதினோரு ஏக்கர் வைத்திருப்பவர் அவர். எதையும் எடை போட்டுப் பெருமைப்பட்டே பழகியவர். அதே குழந்தை, யாழிசை, பதினோராம் மாதத்தில் ஐந்து கிலோ எழுநூறு கிராமுக்கு வந்து நின்றபோது பேனர் எதுவும் வைக்கவில்லை. அதை எடுத்துச் சொன்னவளை மட்டும் ஊரைவிட்டு மாற்றினார்கள்.

சொன்னவள் ஆரோக்கியசெல்வி, அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர். கிருமாம்பாக்கத்துப் பக்கம் கரும்பு வெட்டிப் பிழைத்த அந்தோணிசாமியின் இரண்டாவது மகள். பிளஸ் டூ முடித்து, கடலூர் சாலையில் லோடு வண்டி ஓட்டும் செல்லப்பனைக் கட்டிக்கொண்டு, பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளை எடை போட்டுக்கொண்டிருந்தாள். சுப்பராயலு வீட்டுக்கு மாதம் ஒரு முறை போவாள். மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வரும், அவளுக்கு மட்டும் பேப்பர் கப். கேட்டால் சுகாதாரம் என்பார்கள். சுகாதாரத்தில் அந்த வீட்டுக்கு இருந்த அக்கறை அந்தக் கப்போடு முடிந்தது.

குழந்தை ஐந்து மாதம் வரை சுமாராக ஏறியது. ஆறு கிலோ இருநூறு. அதற்கப்புறம் முள் நகரவில்லை. பிறகு பின்னால் போக ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கு வந்து, நிற்கிற மாதிரி நின்று, மறுபடி வந்தது. சளி பிடித்து மூச்சு இழுத்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தது. ஏழாம் மாதம் தலையணை அணைப்பில் உட்கார்ந்த பிள்ளை, ஒன்பதாம் மாதம் உட்கார முடியாமல் சாய்ந்தது.

பார்த்தவர்களுக்கெல்லாம் காரணம் தெரிந்திருந்தது. அதுதான் அந்த ஊரின் விசேஷம். காரணம் தெரியாதவர் ஒருவரும் இல்லை. சவலை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சவலை பாய வேண்டுமானால் தாய் மறுபடி கர்ப்பமாக இருக்க வேண்டும், இந்தத் தாய் அப்படி இல்லை என்பது பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. பறவை தோஷம் என்று ஒருவர் வேப்பிலை அடித்தார். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கியபோது பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிக் கழுத்தில் மூன்று பவுன் சங்கிலியை மாட்டினார்கள். பொன்னுக்கு வீங்கி பத்து நாளில் வடிந்துவிடும். இந்த வீக்கம் வலியும் இல்லாமல், வடியவும் இல்லாமல், இரண்டு மாதம் அப்படியே இருந்தது. சங்கிலியும் அப்படியே இருந்தது.

மதகடிப்பட்டில் அவர்கள் காட்டிய டாக்டரின் பெயருக்குப் பின்னால் நான்கு வரி எழுத்துகள். அதில் இரண்டு வரிக்கு அர்த்தம் அவருக்கு மட்டுமே தெரியும். மூன்று முறை டப்பாப் பாலை மாற்றினார். டானிக்கை மாற்றினார். வாயில் வெள்ளையாக இருக்கிறதே என்று தாய் கேட்டதற்கு, பால் குடிக்கிற பிள்ளைக்கு வாய் வெள்ளையாக இல்லாமல் கறுப்பாகவா இருக்கும் என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அந்த வீட்டாருக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

செல்வியும் யோக்கியம் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எட்டாம் மாதம் குழந்தை ஆறு கிலோ. அதைச் செல்போனில் ஏற்றினால் எடை குறைந்த பிள்ளை என்று கட்டம் சிவப்பாகும். சூப்பர்வைசர் ஜெயசுதா அந்த மாதம் கூட்டத்தில், தன் வட்டாரத்தில் சிவப்பே இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். பிள்ளைகளைத் தேற்றுங்கள் என்று அவள் சொல்லவில்லை, சிவப்பு இருக்கக் கூடாது என்றுதான் சொன்னாள். செல்வி ஏழு இருநூறு என்று போட்டாள். ஒன்பதாம் மாதம் ஏழரை என்று போட்டாள். பெரிய வீட்டுப் பிள்ளைதானே, அவர்களுக்கு இல்லாத டாக்டரா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஜெயசுதாவுக்கு அந்தக் காலாண்டில் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

பத்தாம் மாதம் எடை போடும் நாளில் பிரியதர்ஷினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தானே மையத்துக்கு வந்தாள். அவள் சுப்பராயலுவின் மருமகள், குழந்தையின் தாய். வயது இருபத்து நான்கு. செல்வி சங்கிலியைக் கழற்றச் சொன்னாள்.

“கழட்டுனா எடை இன்னும் கொறையும் டீச்சர்” என்றாள் பிரியதர்ஷினி. விளையாட்டாகச் சொன்னதா, பயந்து சொன்னதா என்று செல்விக்குப் பிடிபடவில்லை.

கழற்றினார்கள். ஐந்து எண்ணூறு. குழந்தை அழுதது. அழுகைக்கு வாய் திறந்தபோது நாக்கும் கன்னத்தின் உட்பக்கமும் மாவு அப்பினாற்போல் இருந்தன. செல்வி விரலில் மெல்லிய துணியைச் சுற்றித் துடைத்தாள். போகவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் அடியில் ரத்தம் துளிர்த்தது.

பல வருடத்துக்கு முன் வில்லியனூரில் அவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மதியம் பிரிஞ்சி சாப்பிட்டுவிட்டு அறுபது டீச்சர்களில் ஐம்பது பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். செல்விக்குக் கடைவாய்ப் பல் வலி, அதனால் தூங்கவில்லை. அவள் அந்த வகுப்பைக் கேட்டதற்கு வேறு எந்த உயர்ந்த காரணமும் கிடையாது. ஒல்லியான ஒரு பெண் டாக்டர் படம் காட்டிப் பேசினார். பால் என்றால் துடைத்தால் போய்விடும், போகாமல் ரத்தம் கசிந்தால் அது பூஞ்சை. சின்னக் கைக்குழந்தைக்கு வந்து போனால் பயமில்லை. மாதங்கள் ஆன பிள்ளைக்கு மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ஏன் என்று கேளுங்கள். அதோடு எடை ஏறாமல், அடிக்கடி நிமோனியா வந்து, பேதி வாரக்கணக்கில் நிற்காமல் போய், நெறி கட்டியிருந்தால் எச்.ஐ.வி. இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் முகத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், இதெல்லாம் வேறு நோயிலும் வரும், ரத்தம்தான் சொல்லும் என்றார்.

செல்வி குழந்தையின் கழுத்தைத் தடவினாள். அக்குளைத் தடவினாள். தொடை இடுக்கைத் தடவினாள். எல்லா இடத்திலும் கொட்டைப் பாக்கு போல நெறி கட்டியிருந்தது. இத்தனை நாள் நூறு பேர் தூக்கிக் கொஞ்சிய பிள்ளை அது.

மற்றத் தாய்மார்கள் போகும்வரை காத்திருந்து, வயிற்றில் இருக்கும்போது ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டாள்.

“மூணாம் மாசம் எடுத்தாங்க. எச்.ஐ.வி.கூட இல்லன்னு சீட்டு குடுத்தாங்க. பத்திரமா வெச்சிருக்கேன்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் இன்னாத்துக்கு டீச்சர்?”

மறுநாள் செல்வி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த பரிசோதனை மையத்துக்குப் போனாள். அங்கே ஆலோசகர் அன்புராஜ். ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் குரல் உயர்த்தாமல் பேசுகிற மனிதர். பெயர் எதுவும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். தாய்க்கு இல்லை என்று சீட்டு இருக்கிறதாமே என்றும் சொன்னாள்.

“மூணாம் மாசம் இல்லன்னா மூணாம் மாசம் வரைக்கும் இல்ல. அந்தச் சீட்டுக்கு அவ்ளோதாம்மா அர்த்தம். அப்புறம் வந்திருந்தா? பால் குடுக்கறப்ப வந்திருந்தா? கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா அவங்களா சம்மதிச்சு வரணும். நீங்க போய் அந்த வூட்ல நோய் பேரைச் சொல்லக் கூடாது.”

செல்வி பிரியதர்ஷினியிடம் மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் அவள் தடுப்பூசி என்று வீட்டில் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக பஸ் ஏறினாள். அந்த வீட்டில் முதுகெலும்பு இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

தாயின் ரத்தத்தை மூன்று விதமான கிட்டில் பார்த்தார்கள். மூன்றிலும் இருந்தது. குழந்தைக்கு அந்தக் கிட் போதாது என்று அன்புராஜ் விளக்கினார். தாயின் எதிர்ப்புப் பொருள் ஒன்றரை வயது வரைகூடப் பிள்ளையின் ரத்தத்தில் தங்கியிருக்கலாம். அந்தப் பரிசோதனை அதைக் காட்டும், நோய் யாருடையது என்று சொல்லாது. அதனால் கிருமியையே தேட வேண்டும். காலின் கட்டைவிரலில் குத்தி, ஓர் அட்டையில் அச்சடித்திருந்த ஐந்து வட்டங்களையும் ரத்தத்தால் நிரப்பிக் காயவைத்து, தூரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். குழந்தை அழக்கூட இல்லை. அழுவதற்குத் தெம்பு வேண்டும்.

பிரியதர்ஷினி வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் முதலில் மதகடிப்பட்டு டாக்டரிடம்தான் ஓடினார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “இதெல்லாம் நம்ம மாதிரிக் குடும்பத்துல வராதுங்க. கவர்மெண்ட் கிட்டு, தப்பாக் காட்டியிருக்கும்” என்றார். கிருமிக்குப் பட்டா, சிட்டா பார்க்கத் தெரியும் என்று எந்தக் கல்லூரியில் படித்தாரோ. சுப்பராயலுவுக்கு அது தேனாக இனித்தது.

பதினாறாம் நாள் முடிவு வந்தது. குழந்தைக்கும் இருந்தது. அப்போது யாழிசை புதுச்சேரியில் அரசு மருத்துவமனையில், மூன்றாம் முறை நிமோனியாவில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். இன்னொரு அட்டையில் ரத்தம் எடுத்து உறுதிக்கு அனுப்பிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கினார்கள். தண்ணீரில் கரைத்துப் பாலாடையில் புகட்டும் மாத்திரை. தாய்ப்பால் பற்றியும் தாயின் மருந்து பற்றியும் அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தாய்க்கும் ஒரு வெள்ளை டப்பா கொடுத்தார்கள்.

பிரியதர்ஷினி அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே டப்பாவை அவள் முன்பே பார்த்திருந்தாள். கணவன் கலைவேந்தனின் பைக் சீட்டுக்குக் கீழே, லேபிள் பாதி கிழித்து. கேட்டதற்கு தைராய்டு மாத்திரை என்று சொல்லியிருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவளுக்குத் தனித் தட்டு வந்தது. தனி டம்ளர், தனிப் பாய். அடுத்தவரைத் தள்ளி வைத்துப் பழகிய வீடு, கை தானாகவே வேலை செய்தது. குழந்தையின் தொட்டில் துணியை வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று முடிவெடுத்தவர்கள், தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும்படி அதைச் செய்தார்கள்.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து சுப்பராயலு பேசினார். அவர் பேச்சு நீளமானது. குலம், கௌரவம், கோயில் முதல் மரியாதை எல்லாம் அதில் வந்தன. கடைசியில் மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்றும், இது எங்கிருந்து வந்தது என்று அவளே யோசித்துப் பார்க்கட்டும் என்றும் முடித்தார். கலைவேந்தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரியதர்ஷினி உள்ளே போய் மூன்றாம் மாதத்துச் சீட்டை எடுத்துவந்து மாமனார் முன் வைத்தாள். அதன் பக்கத்தில் தன் டப்பாவை வைத்தாள். அதன் பக்கத்தில் பைக்கிலிருந்து எடுத்த டப்பாவை வைத்தாள்.

“மூணாம் மாசம் எனக்கு இல்ல மாமா. தேதி போட்டிருக்கு, பாருங்க. அதுக்கப்புறம் நான் எங்கயும் போவல. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனேன், மத்தபடி இந்த வூட்லதான் இருந்தேன். எங்கேருந்து வந்துதுன்னு உங்க புள்ளயைக் கேளுங்க.”

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவனே சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது அவனுக்கு பைக் விபத்தில் கால் முறிந்தது. கடலூரில் ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தத்தில் தெரிந்தது. மனைவியையும் குழந்தையையும் அழைத்து வரச் சொல்லி அங்கே மூன்று முறை சொன்னார்கள். மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சில மாதம் விட்டுவிட்டான்.

“சொன்னா மானம் பூடும்னு...” என்றான்.

ஒன்பது மாதம். அதில் ஆறு மாதம் குழந்தை அவன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. சவலை என்றபோது கேட்டுக்கொண்டிருந்தான். வேப்பிலை அடித்தபோது பக்கத்தில் நின்றான். பொன்னுக்கு வீங்கிக்குச் சங்கிலி வாங்கி வந்ததே அவன்தான். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், பிள்ளைக்கு இரண்டாம் மாதமே பரிசோதனை நடந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தைவிட அவனுக்கு மானம் பெரிதாக இருந்தது. எந்த மானம் என்று தெரியவில்லை.

எல்லாம் கேட்டு முடித்த சுப்பராயலுவின் முதல் கேள்வி, “டெஸ்ட் எடுக்கச் சொன்னது யாரு?”

புகார் எழுதினார்கள். வீட்டுப் பெண்ணைத் தூண்டிவிட்டாள், குடும்ப ரகசியத்தைப் பரப்பினாள் என்று. விசாரணைக்கு வந்த அதிகாரி செல்போன் பதிவைத் திறந்தார். எட்டாம் மாதம் ஏழு இருநூறு, ஒன்பதாம் மாதம் ஏழரை. நன்றாக வளர்ந்த பிள்ளைக்கு நோய் கட்டினாயா என்று கேட்டார். செல்வி ஒளிக்கவில்லை. இரண்டு மாதமும் பொய் எடை போட்டேன் என்றாள். சிவப்பு கூடாது என்று சொன்னதால் போட்டேன், ஆனாலும் போட்டது என் கை என்றாள். ஜெயசுதா தான் அப்படிச் சொன்னதே இல்லை என்று, சான்றிதழ் மாட்டியிருந்த சுவருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னாள். செல்விக்கு மெமோ வந்தது. பாகூர்ப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகும் ஓர் ஊருக்கு மாற்றினார்கள்.

மெமோ அவளை உறுத்தவில்லை. அந்த இரண்டு மாதம் உறுத்தியது. பிரியதர்ஷினியின் தாய் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லத் தெரியாமல் எடைக் கணக்கை மட்டும் சொன்னாள்.

“ரெண்டு மாசம் டீச்சர்” என்றாள் பிரியதர்ஷினி. அதற்கப்புறம் ஐந்தாறு மாதம் செல்வியின் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவளே ஒரு வீடியோ அனுப்பினாள். குழந்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. செல்வி அதைக் கணவனிடம் காட்டினாள். செல்லப்பன் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை தடவை இதையே போட்டுப் பார்ப்பாய் என்று கேட்டான்.

யாழிசைக்கு இப்போது நான்கு வயது. பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது, நடையும் தாமதம்தான். எடை பதினான்கு கிலோ. ஆயுசு முழுக்க மருந்து உண்டு. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது என்று போன பரிசோதனையில் சொன்னார்கள். தாய் திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். இருவரும் ஒரே அலாரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். அப்பா வீட்டிலிருந்து பேத்தியைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. விவாகரத்துக்குக் கையெழுத்து வாங்க மட்டும் ஒரு வக்கீல் குமாஸ்தா வந்தார்.

போன தை மாதம், செல்வி புதிதாக வேலை பார்க்கும் ஊரில் பச்சையப்பன் என்ற விவசாயி மையத்துக்கு வந்தார். அவர் மகள் அருள்மொழிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம், முதல் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டாளாம், தங்கமான பையனாம், பதினோரு ஏக்கராம். நீ அந்த ஊரில் இருந்தவளாயிற்றே, சுப்பராயலு வீடு எப்படி என்று கேட்டார்.

செல்விக்கு நாக்கு நுனிவரை வந்தது. அன்புராஜ் சொன்னதும், சட்டமும், பிரியதர்ஷினியின் முகமும் சேர்ந்து நினைவுக்கு வந்தன. இன்னொருவருடைய நோயைச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை. கையிலிருந்த சுண்டல் சட்டியைக் கீழே வைத்தாள்.

“அந்த வூட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேண்ணா. எந்த வூடா இருந்தாலும் ஒண்ணு செய்யுங்க. பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் ரத்தம் டெஸ்ட் எடுத்து, அந்தச் சீட்டை மாத்திக்கிட்டு அப்புறம் நாள் குறிங்க. மாட்டேன்னு சொன்னா பொண்ணு குடுக்காதீங்க.”

பச்சையப்பன் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றே சுப்பராயலுவுக்குப் போன் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் பையனுக்கு ரத்தப் பரிசோதனையா, யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய் என்று அந்தப் பக்கம் குதித்தார்களாம். பச்சையப்பன் அப்படியானால் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டார். ஜாதகம் பொருந்தவில்லை என்று சுப்பராயலு வீட்டார் ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

பங்குனியில் பச்சையப்பனுக்குக் கிருமாம்பாக்கத்தில் வேறு சம்பந்தம் வந்தது. அங்கேயும் முதலில் அதையே கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டு, ஒரு வாரத்தில் பையனின் ரிப்போர்ட்டோடு வந்து, பெண்ணின் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.